ஆளுக்கு ஒரு கூப்பன்

மைக்கேல்ராஜின் தலையில் முடி கொட்டித் தீர்ந்து எட்டு வருடமாகிறது. ஆனாலும் அவர் வீட்டுக் குளியலறையில் இருபத்தேழு ஷாம்பு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று போட்டிருந்தான், ஒன்பது வாங்கிவிட்டார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறதென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். ஒத்தக்கடையில் சொந்த வீடு. மனைவி ஆனிமேரி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஆக, வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆனால் அலமாரியைத் திறந்து பார்க்கிறவர்கள் இங்கே ஏதோ ஹாஸ்டல் நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தக்காளி சாஸ் பதினொரு பாட்டில், சோயா உருண்டை நாலு கிலோ, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கட்டு டயப்பர்.

"இது எதுக்குங்க?" என்று ஆனிமேரி கேட்டாள்.

"நாப்பது பர்சென்ட் தள்ளுபடி."

"அதுக்கு? அம்பது வயசுல என்னையப் பிள்ளை பெத்துக்கச் சொல்றீங்களா?"

"நாளப்பின்ன பேரன் பேத்தி வரும்ல."

"அவளுக்கு இன்னும் மாப்ளயே பாக்கல. டயப்பர் வாங்கியாச்சு. நல்லா வெளங்கும்."

ஆனிமேரிக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். நாள் முழுக்க ஊசி குத்துகிறவள் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பாளா என்று மைக்கேல்ராஜ் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

அந்த வருடம் ஆகஸ்டில், மேலூர் ரோட்டில் இருக்கும் சுந்தரவேல் மார்ட்டுக்கு முதலாம் ஆண்டு விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கால் பக்கத்துக்கு விளம்பரம். அதன் கீழ் மூலையில், புள்ளிக்கோட்டுக்குள் ஒரு கூப்பன். முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி அந்தக் கூப்பனைக் கொடுத்தால் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் தொண்ணூற்றொன்பது ரூபாய். வெளியில் அதே எண்ணெய் நூற்று அறுபது. 'மூன்று ஞாயிறு மட்டும். ஒரு ஆளுக்கு ஒரு கூப்பன்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மைக்கேல்ராஜ் பூசைக்குப் போகிற அவசரத்திலும் கத்தரிக்கோலை எடுத்தார். மற்றவர்களைப் போல நறநறவென்று கிழிப்பவர் அல்ல அவர். ஸ்கேல் வைத்து, புள்ளிக்கோட்டின் மேலேயே, பிசிறில்லாமல் வெட்டுவார். சான்றிதழ் நகலுக்குப் போட்டோ வெட்டி வெட்டிப் பழகிய கை.

இதில் அவருக்கு ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அதன் பெயர் சிஹாபுதீன்.

தெருமுனையில் சிஹாபுதீன் பாயின் மளிகைக் கடை. பத்தொன்பது வருடமாக அங்கேதான் சாமான். கொரோனா காலத்தில், ஆனிமேரி டியூட்டியில் வார்டிலேயே கிடந்தபோது, அக்கம்பக்கத்தார் இந்த வீட்டைக் கண்டாலே எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். அப்போது தினமும் காலையில் கேட்டில் பால், முட்டை, காய்கறிப் பையைத் தொங்கவிட்டுவிட்டு, "சார், தொங்குது!" என்று கத்திவிட்டுப் போனவர் பாய். அப்பேர்ப்பட்டவரின் கடைவாசல் வழியாகச் சுந்தரவேல் மார்ட் பையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு போவது? அதனால் மைக்கேல்ராஜ் தெருவுக்குப் பின்பக்கம் சுற்றி, கருவேலம் புதர் மண்டிய காலி மனைக்குள் ஸ்கூட்டரை உருட்டி, அங்கே குட்டி போட்டிருந்த நாயிடம் நாலு குலைப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மனது உறுத்தும். உடனே பாய் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்குவார்.

"ஏன் சார், ரெண்டு பேருக்கு மாசம் பன்னெண்டு தீப்பெட்டியா? வீட்ட கீட்டக் கொளுத்தப் போறீங்களா?" என்று பாய் ஒருமுறை கேட்டேவிட்டார்.

முதல் ஞாயிறு ஒரு எண்ணெய் வாங்கியாயிற்று. ஆனால் மைக்கேல்ராஜுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பேப்பருக்கு ஒரு கூப்பன் என்றால், விற்காமல் மிஞ்சும் பேப்பர்களில் இருக்கிற கூப்பன்கள் என்ன ஆகும்? அநியாயமாக எடைக்குப் போகும். பேப்பர் ஏஜெண்ட் சிவனாண்டியைப் போய்ப் பார்த்தார். ஒரு டீயும் இரண்டு வடையும் செலவு. அறுபது பக்கங்கள் கைக்கு வந்தன.

இரண்டாவது ஞாயிறு விடியற்காலைப் பூசையோடு முடித்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு முதல் ஆளாக ஒரு எண்ணெய் வாங்கினார். பில் போட்ட பெண் சரண்யாதேவி, "அடுத்த கூப்பன் செல்லாது சார், ஆளுக்கு ஒன்னுதான்" என்றாள். வெளியே வந்து ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தார். ரெயின்கோட்டை மாட்டினார். மாஸ்க் போட்டார். எலெக்‌ஷன் சமயத்தில் யாரோ கொடுத்த தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே தெரிந்த யானைமலைப் பாறையே காய்ந்த தோசைக்கல் மாதிரி தகதகத்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ரெயின்கோட்டோடு உள்ளே நுழைந்தவரைப் பார்த்து செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். பைத்தியக்காரனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு ஆள். மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி டவல். அந்த ஆள் கூடையிலிருந்த சீனி பாக்கெட்டை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். துவரம்பருப்பை எடுத்து மாஸ்க்கைச் சற்று இறக்கி முகர்ந்தார். பிறகு, "ம்க்கும்" என்று தனக்குத்தானே இளக்காரமாகச் செருமினார்.

அந்தச் செருமலை மைக்கேல்ராஜ் பத்தொன்பது வருடமாகக் கேட்டு வருகிறார்.

"பாய்?" என்றார்.

டவல் கட்டிய தலை திரும்பவில்லை. "நான் பாய் இல்ல" என்றது.

"பாய், நான் மைக்கேல்ராஜ்."

"அப்ப நீங்களும் இல்லன்னு போங்களேன் சார்!"

சரண்யாதேவி எழுந்து நின்றாள். "ரெண்டு பேரும் மாஸ்க்கைக் கழட்டுங்க." கழற்றினார்கள். "நீங்க பத்து மணிக்கு வந்தீங்க. நீங்க பத்தே காலுக்கு வந்தீங்க, அப்ப டவல் இல்ல. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும் சார். அங்கிட்டுப் போங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

இரண்டு பெரிய மனிதர்களும் வெளியே வந்தார்கள். வாசலில் கரும்புச்சாறு வண்டி இருந்தது. ஆளுக்கொரு டம்ளர் வாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தார்கள். மைக்கேல்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். ரெயின்கோட்டுக்குள் வியர்வை முதுகில் ஓடியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க பாய். எண்ணெய் மட்டுந்தான் இங்க. மத்ததெல்லாம்..."

"தீப்பெட்டி மட்டுந்தான் என்கிட்ட. தெரியும் சார். காலி மனையில நாய் கொலைக்கிறப்பவே எங்க வீட்ல சொல்லிருவா, கிளார்க் சார் சரக்கோட வாரார்னு."

மைக்கேல்ராஜுக்கு முகம் செத்துவிட்டது. பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அது சரி, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

பாய் டம்ளரை வைத்தார். "மொத்தக் கடையில ஒரு லிட்டர் நூத்தி அம்பது போடுறாய்ங்க. இங்க தொண்ணூத்தி ஒம்போது. யாவாரிக்கு வேற என்ன சார் வேணும்? போன வாரம் நானு, எங்க வீட்ல, மச்சான், மச்சான் பொண்டாட்டின்னு நாலு பேரு வந்தோம்."

"அந்த எண்ணெய..."

"கடையிலதான் வச்சேன். நூத்தி அறுபது." பாய் சற்றுத் தயங்கினார். "செவ்வாக்கெழம ஒங்க வீட்டம்மாதான் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க."

மைக்கேல்ராஜ் கரும்புச்சாறு வண்டியைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டு அடுப்படியில் அவர் ஜெயித்துக் கொண்டுவந்த ஒரு லிட்டருக்குப் பக்கத்திலேயே, அதே மார்ட்டின் எண்ணெய், அறுபத்தொரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, உட்கார்ந்திருக்கிறது! கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. கடைசியில், "என்கிட்ட அறுவது கூப்பன் இருக்கு பாய்" என்றார்.

பாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அறுவதா? என்ன சார், இம்புட்டு நாளா இதச் சொல்லாம தீப்பெட்டி வாங்கிட்டு இருந்திருக்கீங்க!"

"கூப்பன் இருந்து என்ன? ஆள் வேணுமே."

"ஆளுக்கு எங்க போறது? எங்க ஜமாத்துல கூப்பிட்டா வெசயம் ஊரு பூரா தெரிஞ்சிரும்."

மைக்கேல்ராஜ் யோசித்தார். அவர் கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். குழுவில் இருபத்து மூன்று பேர். ஞாயிறு பூசை முடிந்தால் பத்தரைக்கெல்லாம் சும்மாதான் நிற்பார்கள்.

மூன்றாவது ஞாயிறு காணிக்கை எடுக்கும்போதே அவர் வரிசை வரிசையாகக் காதைக் கடித்துவிட்டார். முந்நூறு ரூபாய்க்கு அவரவர் வீட்டுக்கு வேண்டிய சாமானை வாங்கிக்கொள்ள வேண்டியது. எண்ணெய்க்கு உண்டான காசை அங்கேயே கொடுத்து பாய் வாங்கிக்கொள்வார். மத்தியானம் பாய் வீட்டில் அவர் மனைவி அஜ்மல் பீவி கையால் பிரியாணி. எண்ணெய் என்றபோது கண்டுகொள்ளாத ஆட்கள் பிரியாணி என்றதும் தலையாட்டினார்கள்.

பதினொரு மணிக்கு சுந்தரவேல் மார்ட்டுக்குள் ஒரே மாதிரி வெள்ளைப் புடவையில் பதினாறு பெண்களும், வெள்ளைச் சட்டையில் ஏழு ஆண்களும் நுழைந்தார்கள். பாய் துடைப்பம் அடுக்கியிருந்த பக்கம் ஒளிந்துகொண்டு, தட்டுகளின் இடுக்கு வழியாக மேற்பார்வை பார்த்தார். பதினொன்றரைக்கு இருபத்து மூன்று தள்ளுவண்டிகள் வரிசையில் நின்றன. எல்லார் கையிலும் கூப்பன். எல்லாமே ஸ்கேல் வைத்து வெட்டியவை.

அதுதான் மாட்டிவிட்டது. சரண்யாதேவி முதல் மூன்று கூப்பனை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் பிசகவில்லை. மேனேஜர் ராம்கியைக் கூப்பிட்டாள். ராம்கி டை கட்டிய பையன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், சார், எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்களா? ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன்தான் குடுக்க முடியும்."

"நாங்க தனித்தனியாத்தான் வந்தோம்" என்றார் மைக்கேல்ராஜ். எல்லாரும் சேர்ந்து தலையாட்டினார்கள். ஒருவரைத் தவிர.

வரிசையில் முதலில் நின்றவர் எஸ்தரம்மா. ரிட்டயர்டு டீச்சர். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். கூட்டமாக நின்று பொய் சொல்வது அவருக்கு ஆகவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, "ஆண்டவருக்குள்ள நாங்க எல்லாரும் ஒரே குடும்பந்தான் தம்பி" என்றார்.

துடைப்பங்களுக்குப் பின்னாலிருந்து, "யா அல்லா" என்று ஒரு முனகல் கேட்டது.

"அப்ப ஒரு எண்ணெய்தான்" என்றான் ராம்கி.

மைக்கேல்ராஜுக்கு எஸ்தரம்மாவின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் பூசையில் நற்கருணை வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் வேறு முடிவு எடுத்தார். தன் வண்டியை விட்டு விலகி நின்றார்.

"அப்ப ஒண்ணுமே வேணாம். வாங்கய்யா போவோம்."

இருபத்து மூன்று பேரும் வண்டிகளை அப்படியப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஒன்பதாவது வண்டியில் ஐஸ்கிரீம் இருந்தது. பதினான்காவதில் உறைந்த கோழி. பில் போடும் பாதை மூன்றும் அடைத்துக்கொண்டன. பின்னால் நின்ற மற்ற ஜனங்கள் "என்னப்பா நடக்குது?" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். ராம்கி ஒரு வண்டியை இழுத்தால் இன்னொன்று இடித்தது. டை வேறு ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டது.

சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளி சின்னச்சாமி உள்ளே வந்தார். உசிலம்பட்டியில் மாட்டுத்தீவனக் கடையில் ஆரம்பித்து, மேலே வந்த மனிதர். ஆண்டு விழாக் கூட்டத்தை விளம்பரத்துக்குப் படம் எடுக்க, கேமராக்காரனையும் கையோடு கூட்டி வந்திருந்தார். வாசலில் வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டம் கோபமாக வெளியேறுவதைப் பார்த்ததும் ராம்கியிடம் ஓடினார்.

"என்னடா ராம்கி? யாரு தவறிட்டாக?"

ராம்கி டையை விடுவித்துக்கொண்டே விவரம் சொன்னான். சின்னச்சாமி ஒரு கூப்பனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கீழே இருந்த பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார்.

"இதுல குடும்பம்னா போட்ருக்கு?"

"இல்ல சார். ஆளுன்னு..."

"அப்ப ஆள எண்ணுடா. குடும்ப அட்டையா கேட்டோம்?" பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அம்மா, அய்யா, எல்லாரும் வாங்க. சின்னப்பய, தெரியாமப் பேசிட்டான். படம் எடுக்கணும், கொஞ்சம் சிரிச்ச மொகமா நில்லுங்க. பாடுற குரூப்பாமே? ஒரு பாட்டு எடுத்து விடுங்களேன், களகட்டட்டும்."

திடீரென்று பாடச் சொன்னால் என்ன பாடுவது? அன்று காலையில் பாடி நன்றாக வாயில் நின்றது காணிக்கைப் பாட்டு ஒன்றுதான். அதையே நாலு குரலில் எடுத்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்டதும் வரிசையில் நின்ற ஜனங்களின் கை தானாகவே பர்சுக்குப் போயிற்று. கல்லா அப்படி ஓடி அதற்குமுன் சரண்யாதேவி பார்த்ததில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கேமராக்காரன்தான் கெடுத்தான். கோணம் பார்க்கிறேன் என்று பின்னால் போனவன், துடைப்பங்களுக்கு நடுவில் குந்தியிருந்த சிஹாபுதீனைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"சார், இங்க ஒரு பாய் இருக்காரு. தாடியும் தொப்பியுமா அம்சமா இருக்காரு. இவரையும் அந்தச் சிலுவ போட்ட சாரையும் சேத்து எடுத்தா எல்லா மதமும் வந்துரும்."

பாய் திமிறினார். சின்னச்சாமி அவர் தோளில் கை போட்டார். ஆளுக்கொரு எண்ணெய் பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். "சிரிங்க" என்றான் கேமராக்காரன். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் அது.

பிரியாணி அருமையாக இருந்தது. எஸ்தரம்மா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இருபதடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. மைக்கேல்ராஜும் சிஹாபுதீனும் தோளோடு தோள் நின்று, எண்ணெய் பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்து, ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'மதங்கள் வேறானாலும் மளிகை ஒன்றுதான்! சுந்தரவேல் மார்ட்டின் நம்பிக்கை வாடிக்கையாளர்கள்.'

பாய்க்கு அன்று முழுக்க யாவாரம் இல்லை, விசாரணைதான். "ஏன் பாய், ஒங்க கடையில நீங்களே வாங்க மாட்டீகளா?" என்று கேட்காத ஆள் இல்லை. சாயங்காலம் மைக்கேல்ராஜ் போனபோது பாய் பாதிக் கதவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மானம் போச்சு சார். எங்க வீட்ல சொல்றா, கடைய மூடிட்டு அங்கயே வேலைக்குச் சேந்துக்கங்கன்னு."

மைக்கேல்ராஜ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சின்னச்சாமி இறங்கினார். யாரோ சொல்லிவிட்டார்கள் போல. பாய் எழுந்து, சண்டைக்குத் தயாராக மடித்துக்கட்டியிருந்த கைலியை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

சின்னச்சாமி கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். "கடக்காரர் எங்கிட்ட வந்து எண்ணெய் வாங்கி அத வித்திருக்கீக. எனக்குக் கோவம் வரணும். ஆனா சிரிப்புத்தான் வருது. தீவனக் கட வச்சிருந்தப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன்."

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றார் பாய், விறைப்பாக.

"கம்பெனிக்காரன் லாரி லாரியா எண்ணெயத் தள்ளிட்டுப் போறான். குடோன்ல எடமில்ல. நூத்தி முப்பத்தெட்டுக்குத் தாரேன். வீடு தேடி வந்துரும். மாசம் எம்புட்டு எடுப்பீக?"

பாயின் கைலி தானாகத் தளர்ந்தது. "நூத்தி முப்பத்தஞ்சுன்னா பேசலாம்."

இருவரும் பேச ஆரம்பித்தார்கள். மைக்கேல்ராஜ் இரண்டு தடவை இடையில் நுழையப் பார்த்தார். "இதுக்குக் கூப்பன் எதும்...?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சில்லறைக்கு சார்" என்றார் சின்னச்சாமி, திரும்பாமலே. பாயும் திரும்பவில்லை. டீ வந்தது. இரண்டுதான் வந்தது.

மைக்கேல்ராஜ் எழுந்து வீட்டுக்கு நடந்தார். பையில் மீதி முப்பத்தாறு கூப்பன். தேதி முடிந்தவை. அறுபது கூப்பனைக் கண்டதும் தன்னைப் புதிதாகப் பார்த்த அந்த மனிதர், இன்று டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அற்ப விஷயம்தான். ஆனாலும் நடக்க நடக்க அதே நினைப்பு.

வீட்டு வாசலில் ஆனிமேரி டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி பஸ் ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழேதான் நிற்கும். அவர் எல்லாவற்றையும் சொல்லத் தயாரானார். காலி மனை, ரெயின்கோட்டு, பாடகர் குழு, எல்லாம்.

"கெளம்புங்க" என்றாள் அவள்.

"எங்க?"

"பஸ் ஸ்டாப்புக்கு. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல என்கூட ஒரு படத்துலயாவது இப்படிப் பல்லுத் தெரிய நின்னுருக்கீங்களா? அந்த பாய் என்ன குடுத்து வச்சவரு."

இழுத்துக்கொண்டு போனாள். ஃப்ளெக்ஸுக்குக் கீழே அவரை நிறுத்தித் தானும் ஒட்டி நின்று செல்போனை நீட்டினாள். மேலூர் பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். மேலே இருந்த மைக்கேல்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தவருக்கு முதலில் வரவில்லை. ஆனிமேரி விலாவில் ஒரு குத்து விட்டாள். வந்தது.

படம் கோயம்புத்தூருக்குப் போன இரண்டாவது நிமிடம் மகள் கூப்பிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, செமப்பா! சரி, இதுல நடிச்சதுக்கு அவங்க எவ்ளோ குடுத்தாங்க?"

மைக்கேல்ராஜ் போனைக் காதில் வைத்தபடி இருபதடி உயரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கலையேம்மா" என்றார்.